செருப்பை வெளியே விடவும்

விடுதிப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் துணைக் காப்பாளர்களுக்காக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். பணியில் இருந்தவரை என் பேச்சை யாரும் முழுதாகக் கேட்டதில்லை. நடுவில் மணி அடித்துவிடும். இப்போது மணி அடிக்க ஆளில்லை. அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன்.

அறிவுரை இருக்கும் என்று நம்பிப் படிக்காதீர்கள். இத்தனை வருஷம் யோசித்தும், செய்தது சரியா தப்பா என்று எனக்கே விளங்காத ஒரு காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன். உங்களில் யாருக்காவது விளங்கினால் ஒரு கார்டு போடுங்கள்.

இதை எழுதத் தூண்டியதும் நீங்கள்தான். உங்களில் இரண்டு பேர் போன வாரம் வீட்டுக்கு வந்தீர்கள். நம் வளாகத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறோம், ஆரம்ப காலத்தில் விடுதியில் தாழ்த்தப்பட்ட மாணவர்கள் யாராவது இருந்தார்களா என்று கேட்டீர்கள். மற்ற பெரியவர்களிடமும் விசாரித்தீர்களாம். "அந்தப் பசங்களுக்கு டவுனுக்குள்ள தனி ஹாஸ்டல் இருந்துச்சு, நம்ம ஹாஸ்டல்ல யாரும் கிடையாது" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்களாம். நான் காபி ஆறுகிறது என்றேன். நீங்கள் கிளம்பும்போது மட்டும், "இப்பவும் சாப்பாட்டுக்கூடத்துக்கு வெளியதான் செருப்பு விடறாங்களா?" என்று கேட்டேன். "ஆமா சார், சுத்தத்துக்காக" என்றீர்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதையும் கவனித்தேன். மூளை குழம்பின கேஸ் என்று நினைத்திருப்பீர்கள். குழம்பினது உண்மைதான். ஆனால் அது அறுபதுகளின் கடைசியிலேயே குழம்பிவிட்டது.

நான் மதுரைப் பக்கத்திலிருந்து இயற்பியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இங்கே வந்தவன். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், ராகிக் கொல்லைகளுக்கு மத்தியில், பல்கலைக்கழகம் இந்த வெளிவளாகத்தை அப்போதுதான் திறந்திருந்தது. தொழிற்சாலைகள் எதுவும் வராத காலம். காலை ஒன்பது மணிக்கும் பனி விலகாது. கரும்பலகை தெரியவில்லை என்று மாணவர்கள் சொன்னால் நம்பவேண்டிய ஊர். துணைக் காப்பாளர் பதவி எனக்கு எப்படிக் கிடைத்தது என்றால், கல்யாணம் ஆகாமல் இருந்தவன் நான் ஒருவன்தான். காப்பாளர் ஒரு விலங்கியல் பேராசிரியர். எதைக் கொண்டுபோனாலும் "நீங்களே பாத்துக்கங்க" என்பார். அவரிடம் நான் கற்றுக்கொண்ட நிர்வாகம் மொத்தமும் அந்த இரண்டு வார்த்தைதான்.

விடுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும். எனக்குத் தெரிந்தது தமிழ் ஒன்று. அதுவும் மதுரைத் தமிழ் என்பதால் இங்கே பாதிப் பேருக்கு நான்காவது பாஷை. வந்த புதிதில் பார்க்கிறவர்களெல்லாம் என்னிடம் கேட்ட கேள்வி, "ஊட்ல என்னா பேசுவீங்க?" நானும் வெள்ளந்தியாக, "எங்க வீட்ல என்னைப் பேசவே விடமாட்டாங்க" என்று சொல்லிச் சிரிப்பேன். கேட்டவர் சிரிக்கமாட்டார்.

அது பாஷையைப் பற்றிய கேள்வி இல்லை என்று புரிய எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. நீ என்ன சாதி என்று இந்தப் பக்கத்தில் யாரும் நேராகக் கேட்கமாட்டார்கள். மரியாதை தெரிந்தவர்கள். முதலில், வீட்டில் என்ன பேசுவீர்கள். பதில் வந்ததும் பாதி சாதிகள் கழிந்துபோகும். அடுத்து, எந்த ஊர். கடைசியாக, அப்பா பெயர் என்ன. மூன்றாவது கேள்விக்குத் தப்பினவர் கிடையாது.

மாணவர்கள் சாப்பிடும்போது மூன்று வரிசையாக உட்கார்வார்கள். பாஷைக்கு ஒரு வரிசை என்று நினைத்துக்கொண்டேன். அந்த வயதில் எனக்குச் சீர்திருத்தக் காய்ச்சல் உண்டு. இனிமேல் வந்த வரிசையில் கலந்துதான் உட்காரவேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டேன். களி கேட்கிறவன் இலையில் சோறு விழுந்தது. சோறு கேட்கிற சேலத்துப் பையன் இலையில் களி உருண்டை விழுந்தது, அவன் அதை என்ன செய்வதென்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தான். பரிமாறுகிறவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். அந்த வாரமே உத்தரவை நானே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

ஒரே ஒரு பையன் மட்டும் என் உத்தரவை விடாமல் கடைப்பிடித்தான். இன்று தமிழ் வரிசை, நாளை தெலுங்கு, அடுத்த நாள் கன்னடம். எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் அந்தப் பாஷையில் மணியாகப் பேசுவான். அவனை ராஜப்பா என்று வைத்துக்கொள்வோம். மூன்று பாஷைக்கும் பொதுவான பெயர் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன், நிஜப்பெயர் இதுவல்ல. என் சீர்திருத்தத்தின் ஒரே வெற்றி அவன்தான் என்று எனக்குள் பெருமை. ஒரு வரிசையில் நிலைத்து உட்கார்ந்தால் இரண்டாவது கேள்வி வந்துவிடும் என்பதால்தான் இடம் மாறுகிறான் என்பது இயற்பியல் படித்தவன் மண்டைக்கு ஏறவில்லை.

அந்த வருஷம் மெஸ் செக்ரட்டரி தேர்தல் வந்தது. வழக்கமாக மூன்று வரிசையும் மூன்று ஆளை நிறுத்தி, மண்டை உடைந்து, காப்பாளர் "நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லி முடியும். அந்தத் தடவை கெலமங்கலம் பக்கத்து நிலக்காரர் மகன் நாராயணசாமி (இந்தப் பெயரும் ஊரும்கூட நான் மாற்றினவைதான்) எழுந்து, ராஜப்பா பெயரைச் சொன்னான். மூன்று வரிசையும் கை தட்டியது. நான் திகைத்துப்போனேன். வெளியே வந்தபோது ஒருத்தன், "எங்க ஆளு சார், விட்டுருவமா?" என்றான். பின்னாலேயே வந்த கன்னடப் பையனும் அதையே சொன்னான். ஒவ்வொரு வரிசையும் அவனைத் தன் ஆள் என்று நினைத்திருந்தது.

மெஸ் செக்ரட்டரி என்றால் ஸ்டோர் ரூம் சாவி அவன் கையில். பதவியேற்கிற ஞாயிற்றுக்கிழமை முதல் கரண்டி அவன்தான் பரிமாறவேண்டும், அது வழக்கம். எங்கள் தலைமைச் சமையல்காரர் ராவ், ஆனேக்கல் பக்கத்துக்காரர். கைமணம் உண்டு, ஆசாரம் அதைவிட உண்டு. முந்தின வருஷம் சமையலறைச் சாக்கடையைச் சரிசெய்ய வந்த ஆள் தண்ணீர் அண்டாவைத் தொட்டுவிட்டார் என்று ராவ் கரண்டியை வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். விடுதி முழுக்க வேர்க்கடலை தின்று உயிர் வாழ்ந்தோம். அதனால், அந்தச் சாவி யார் கைக்குப் போகிறது என்பது சின்ன விஷயமில்லை.

சனிக்கிழமை மத்தியானம். ஸ்டோர் ரூம் பூட்டு கொஞ்சம் அடம் பிடிக்கும். அதைத் திறக்கிற விதத்தை ராஜப்பாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்கூடத்தை ஒட்டின வராண்டா. புதிதாக வாங்கின ரப்பர் செருப்பு போட்டிருந்தான். சாவியைத் திருப்பியபடி ஏதோ ஜோக் சொன்னேன். பதில் சிரிப்பு வரவில்லை. திரும்பினால் பக்கத்தில் ஆளைக் காணோம்.

கீழே மண்ணில் நின்றுகொண்டிருந்தான். வெறுங்கால். தலை குனிந்திருந்தது. செருப்பு மட்டும் வராண்டாவில், அவன் நின்ற இடத்திலேயே ஜோடியாக இருந்தது.

அந்தப் பக்கம் கிறீச் கிறீச்சென்று நாட்டுத்தோல் செருப்புச் சத்தம். நாராயணசாமியின் அப்பா, ஒரு பலாப்பழத்தை ஆள் தலையில் ஏற்றிக்கொண்டு மகனைப் பார்க்க வந்திருந்தார். படியேறினவர் நின்றார். முதலில் ரப்பர் செருப்பைப் பார்த்தார். பிறகு மண்ணில் இருந்த காலைப் பார்த்தார். கடைசியில்தான் முகத்தைப் பார்த்தார். முகம் அவருக்குப் பிடிபடவில்லை. கால் பிடிபட்டுவிட்டது.

"ஏம்பா, நீ எந்தூரு?"

ராஜப்பாவின் தலை இன்னும் குனிந்தது.

"நம்ம பக்கத்துப் பையனாட்டம் இருக்குதே. உங்கப்பன் பேரு என்னா?"

முதல் கேள்வியையே அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. அவர் ஊர்ப்பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழே இறங்கி நிற்கிறவர்கள் யார் என்று அவருக்குத் தெரியும். அந்த நிமிஷம்தான் எனக்கும் தெரிந்தது. உள்ளே ராவ் களி கிளறும் சத்தம் கேட்டது. அடுத்த பதில் வாயிலிருந்து விழுந்தால், சாவி போகும், ராவ் போவார், மறுநாள் இந்தப் பையனும் டிரங்குப் பெட்டியோடு போய்விடுவான். ராஜப்பா தலையை நிமிர்த்தி வாயைத் திறந்தான்.

அந்த நேரத்தில் நிதானமாக யோசித்து முடிவெடுத்தேன் என்று உங்களிடம் சொல்ல ஆசை. யோசிக்கவில்லை. எனக்கு பயம் வந்தால் வாய் தானாக ஓடும். அது ஓடியது.

"ஐயா, நானே சொல்லணும்னு இருந்தேன். நீங்களும் கழட்டிடுங்க."

"எதை?"

"செருப்பைத்தாங்க. இன்னையிலேர்ந்து இந்த வராண்டாவுல செருப்பு கூடாதுன்னு ரூல் போட்டிருக்கு. தம்பிதான் புது செக்ரட்டரி. ரூல்னதும் முதல் ஆளாக் கழட்டிட்டாரு பாருங்க. நான் ஒரு மடையன், மறந்து போட்டுக்கிட்டு நிக்கிறேன்."

சொல்லிக்கொண்டே காலை உதறினேன். ஒரு செருப்பு வராண்டாவில் விழுந்தது. இன்னொன்று பறந்துபோய் ரசத்தண்ணீர் ஓடும் சாக்கடையில் விழுந்தது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது என்னா ரூலு, புதுசா? எதுக்கு?"

எதற்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? "உள்ள தானியம் இருக்குதுங்களே" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. அப்போது கதவுக்குள்ளிருந்து ராவ் எட்டிப்பார்த்தார், கையில் களித்துடுப்போடு.

"ஒள்ளேது, நல்ல காரியம் சார். எத்தனை வருஷமா சொல்றேன். அன்னம் இருக்கிற இடத்துல செருப்பு என்னத்துக்கு? மடி வேண்டாமா? இன்னைக்குத்தான் இந்த ஹாஸ்டலுக்குப் புத்தி வந்தது."

யார் காலை மறைக்க நான் அந்த ரூலை அவிழ்த்துவிட்டேனோ, அந்தக் கால் யாருடையது என்று தெரிந்தால் அண்டாவைக் கவிழ்த்துவிட்டு ஓடக்கூடியவர் அதே ரூலைத் தாங்கிப் பிடித்தார். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது, சிரிப்பது?

நாராயணசாமியின் அப்பா தன் காலைப் பார்த்துக்கொண்டார். தானியம், அன்னம் என்று பேச்சு வந்த பிறகு மறுக்க முடியவில்லை. குனிந்து செருப்பைக் கழற்றினார். இப்போது வராண்டாவில் அவர் வெறுங்கால், நான் வெறுங்கால், பலாப்பழக்காரர் ஏற்கெனவே வெறுங்கால். ராஜப்பாவின் காலில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. "பலாப்பழத்தை எங்க வைக்கிறது?" என்று நிலக்காரர் கேட்டார். பேச்சு பழத்துக்குப் போய்விட்டது.

அவர் போனபிறகு ராஜப்பாவைத் தேடிக்கொண்டு போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "தப்பிச்சோம்டா" என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். மெடல் கிடைக்கும் என்று போனவனுக்கு அந்தப் பார்வை போதும்.

"நான் எப்ப இறங்கினேன்னு எனக்கே தெரியல சார். கீழ குனிஞ்சு பாத்தா கால்ல மண்ணு. அந்தச் செருப்புச் சத்தம் கேட்டதும் காலு தானா இறங்கிடுச்சு."

"சத்தமா?"

"அது எங்கப்பா தச்ச செருப்பு. தோலு அடுக்குக்கு நடுவுல ஆமணக்குக் கொட்டை வச்சுத் தைக்கணும்னு அவங்க வீட்ல சொல்லுவாங்க. அப்பதான் கிறீச்சுனு கேக்கும். அவரு வர்றது அம்பது அடிக்கு முன்னாடியே தெரியும், நாங்க ஒதுங்க வசதி." காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான். "கேக்காதேன்னு எத்தனை தபா சொல்லியிருக்கேன் இந்தக் காதுக்கு. காலுக்குச் சொல்ல மறந்துட்டேன்."

எனக்கு ஜோக் எதுவும் தோன்றவில்லை. அபூர்வம்.

"நீங்க ஏன் சார் குறுக்க வந்தீங்க?"

"பின்ன? அவரு உங்கப்பா பேரைக் கேட்டாருல்ல."

"கேட்டாரு. நான் சொல்றதுக்குத்தான் வாயத் தொறந்தேன்."

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். "நிஜமாவே சொல்லியிருப்பியா?"

"அதான் சார் கோவம். சொல்லியிருப்பனா இல்லியான்னு எனக்கு இனிமே தெரியவே தெரியாது."

பெட்டியைக் கட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னான். ஊருக்குப் போனால் அதே செருப்புச் சத்தம்தான், இங்கே இருந்தால் மூன்று வரிசை. எது மேல் என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இரு என்றும் சொல்லத் தைரியமில்லை, போ என்றும் சொல்ல மனசில்லை. கடைசியில் என் வாயிலிருந்து வந்தது, "அந்தப் பூட்டு எனக்கே ஒழுங்காத் திறக்க வராதுப்பா. நாளைக்கு நீ இல்லேன்னா எல்லாரும் பட்டினி." அதற்கு அவன் சிரிக்கவில்லை. எழுந்து போய்விட்டான்.

காப்பாளரிடம் ஓடினேன். முழுக்கதையையும் சொல்லவில்லை, ஒரு மாணவன் விடுதியை விட்டுப் போவான் போலிருக்கிறது என்றேன். அவர் சொன்னது உங்களுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கூடத்து வாசலில் மலைபோலச் செருப்பு. ராவ் அதிகாலையிலேயே கரியால் சுவரில் எழுதிவிட்டிருந்தார், செருப்பை வெளியே விடவும் என்று. பையன்கள் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். இலை போட்டாயிற்று. ஸ்டோர் ரூம் பூட்டு திறக்கவில்லை, நெய் டப்பா உள்ளே. நான் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு கை வந்து சாவியை வாங்கிக்கொண்டது. ஒரு திருப்பு, ஒரு உதை. திறந்துகொண்டது.

ராஜப்பாதான் முதல் கரண்டி பரிமாறினான். தமிழ் வரிசை, கன்னட வரிசை, தெலுங்கு வரிசை. நான் ராவைப் பார்ப்பதா, அவனைப் பார்ப்பதா, சாக்கடையில் ஊறின என் செருப்பை நினைப்பதா என்று தெரியாமல் நின்றேன். நாராயணசாமியின் இலை வந்தது. அவன் நிமிர்ந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஏய்ரா" என்றான், போடுடா என்பதைத் தெலுங்கில். ராஜப்பா இன்னும் கொஞ்சம் போட்டான்.

சாப்பிட்டு முடித்து வெளியே வந்தபோது யார் செருப்பு யார் காலில் என்று தெரியாமல் அரைமணி நேரம் ஒரே கூச்சல். மூன்று பாஷையிலும் என்னைத் திட்டினார்கள்.

நாராயணசாமியும் ராஜப்பாவும் ஒரே ஊர். இது பிறகுதான் எனக்கு உறைத்தது. முதல் நாளிலிருந்தே அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஒரு வார்த்தை வெளியே விடவில்லை, அவன்தான் பெயரையும் முன்மொழிந்தான். சிநேகிதத்தாலா? இல்லை, தன் ஊர்ச் சேரிப் பையனோடு ஒரே பந்தியில் சாப்பிடுகிறோம் என்பது தன் அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்பதாலா? ஒரு தடவை தனியாக மாட்டினபோது கேட்டேன். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எது சார்?" என்றான்.

அதற்குமேல் என்ன கேட்பது? அவன் அப்பாவும் அடுத்தடுத்த தடவை வந்தபோது யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார். ராஜப்பாவிடம் மறுபடி பெயர் கேட்கவில்லை. ரூல் என்று நம்பினாரா, நம்பியதுபோல இருந்தாரா, அதுவும் தெரியாது. அந்த விடுதியில் எனக்குத் தெரியாதவற்றைச் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் புத்தகம் இரண்டு பாகமாகிவிடும்.

புத்தகம் என்றதும் சொல்லவேண்டும். ஆரம்ப காலத்தில் யாரும் இருக்கவில்லை என்று எழுதாதீர்கள். ஒருவன் இருந்தான் என்பது எனக்குத் தெரியும். மூன்று வரிசையிலும் மாறி மாறி உட்கார்ந்தவர்கள் இன்னும் எத்தனை பேரோ, அவர்களைக் கண்டுபிடிக்கத் தெரியாத என்னைப்போன்ற துணைக் காப்பாளர்கள் எத்தனை பேரோ. பெரியவர்கள் உங்களிடம் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாமல் இருக்கத்தான் அந்தப் பையன்கள் அவ்வளவு பாடுபட்டார்கள். நிஜப்பெயர் கேட்டு என்னிடம் வராதீர்கள். ஒரு தடவை அவன் சொல்ல வாயெடுத்தபோது நான் குறுக்கே விழுந்தேன். இப்போது அவனுக்கு முன்னால் நான் சொன்னால், அதுவும் குறுக்கே விழுவதுதான். அவன் இருக்கிறான், நல்லபடியாக இருக்கிறான். உங்கள் கேள்வியை அவனிடம் சேர்த்துவிட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.

கடைசி வருஷப் பரீட்சை முடிந்து விடுதி காலியானது. சாவியை ஒப்படைக்க ராஜப்பா வந்தான். வாசலில் ராவின் கரி எழுத்துக்குப் பதிலாக அதற்குள் பெயிண்ட் போர்டே வந்துவிட்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சார், ஒரே ஒரு தபா செருப்போட உள்ள போயிட்டு வரட்டா?"

ரூல் போட்டவன் நான். "போயிட்டு வா" என்றேன்.

ஆளில்லாத கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தான். அவசரப்படவில்லை. மூன்று வரிசைக்கும் போய்வந்தான். ரப்பர் செருப்புக்கு என்ன சத்தம் வரும்? ஆனாலும் காலி ஹால், எதிரொலித்தது. சமையலறைக்குள் ராவ் பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"யாரப்பா அது, செருப்போட?" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

ராஜப்பா நின்றான். தன் ஊர்ப் பெயரைச் சொன்னான். அப்பா பெயரைச் சொன்னான். "அவரு மகன்" என்றான். கூடம் முழுக்கக் கேட்டது. செருப்பு தைக்கிறவரின் பெயர் அது, வேறு யாருக்கும் இந்தப் பக்கத்தில் வைக்கமாட்டார்கள்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்து ராவின் குரல் வந்தது.

"யாரு மகன் ஆனாலும் சரி. செருப்பு வெளியே."

பாத்திரச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. ராஜப்பா என்னைப் பார்த்தான். நான் சாக்கடையில் செருப்பை விட்ட நாளிலிருந்து அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே இன்னொரு சுற்று நடந்துவிட்டு வெளியே வந்தான்.

கழற்றவில்லை.